பறக்கும் தட்டு ஆவண வழக்குகள் (அமெரிக்கா)

அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்கள் பற்றி அமெரிக்க அரசு முகமைகள் சேர்த்துவைத்திருந்த கோப்புகளைக் காட்டும்படி, 1970களின் பிற்பகுதியில் தொடங்கி அந்நாட்டுக் குடிமக்கள் அமைப்புகள் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குகள். சி.ஐ.ஏ.க்கு எதிராக 1977இலும், தேசியப் பாதுகாப்பு முகமைக்கு (என்.எஸ்.ஏ.) எதிராக 1980இலும் தொடுக்கப்பட்டவை முதன்மையானவை. வேற்றுக்கோள்வாசிகள் வந்தார்களா என்பதை இவை விசாரிக்கவில்லை. குடிமகன் கேட்கும் தாளை என்ன காரணம் சொல்லி அரசு மறுக்கலாம், அந்தக் காரணம் சரிதானா என்று யார் சோதிப்பது என்பவையே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்விகள்.

1947 ஜூன் 24 அன்று ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் வேகமாகப் பறந்ததைக் கண்டதாக விமானி கென்னத் அர்னால்டு சொன்னார். அதன்பின் இத்தகைய தகவல்கள் குவிந்தன. விமானப்படை விசாரணையில் இறங்கியது. அதன் கடைசித் திட்டமான ‘புளூ புக்’ 1969 டிசம்பரில் மூடப்பட்டது. பதிவான 12,618 நிகழ்வுகளில் 701 விளக்கப்படாமலே நின்றன. இந்தக் கோப்புகள், சாட்சிகளின் பெயர்கள் நீக்கப்பட்டு, 1976இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

விமானப்படையின் கோப்புகள் திறந்தபிறகும் சந்தேகம் தீரவில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. 1953 ஜனவரியில் சி.ஐ.ஏ. கூட்டிய ராபர்ட்சன் குழு, பறக்கும் பொருள்களால் நேரடி ஆபத்து இல்லை என்று முடிவு செய்தது. கூடவே, மக்களிடமுள்ள மர்ம உணர்வைக் கலைக்க வேண்டும், இதில் ஈடுபாடுள்ள குடிமக்கள் குழுக்களைக் கண்காணிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. குழுவைக் கூட்டியது தான்தான் என்பதைச் சி.ஐ.ஏ. பல ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தது. தன்னைக் கண்காணிக்கச் சொன்ன அமைப்பிடம் குடிமகன் கணக்குக் கேட்டதை வீண் ஆர்வம் என்று ஒதுக்க முடியாது.

கேட்பதற்கான கருவி தகவல் சுதந்திரச் சட்டம். 1966இல் இயற்றப்பட்ட இதற்கு 1974இல்தான் பல் முளைத்தது. வாட்டர்கேட் ஊழலின் சூட்டில், அதிபர் ஃபோர்டின் தடையதிகாரத்தையும் மீறி நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திய தாளை நீதிபதி தம் அறையில் தனியே படித்துப் பார்க்கும் அதிகாரம் அதன்மூலம் கிடைத்தது.

அரிசோனாவின் ‘கிரவுண்ட் சாசர் வாட்ச்’ அமைப்பு, வழக்கறிஞர் பீட்டர் கெர்ஸ்டன் துணையுடன், சி.ஐ.ஏ.யை நீதிமன்றத்துக்கு இழுத்தது. முகமை தன் அலமாரிகளைத் துழாவ வேண்டியதாயிற்று. 355 ஆவணங்கள், சுமார் 900 பக்கங்கள் கிடைத்தன. 1978 டிசம்பர் 14 அன்று 57 ஆவணங்கள் நீங்கலாக மற்றவற்றை ஒப்படைத்தது. பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. செய்தியைப் படித்த சி.ஐ.ஏ. இயக்குநர் ஸ்டான்ஸ்ஃபீல்டு டர்னரே, நாம் இதில் ஈடுபட்டிருக்கிறோமா என்று தம் அதிகாரிகளிடம் கேட்டார். எஞ்சியவற்றுக்கான முயற்சி 1980 மே மாதம் தோற்றது. தேடல் நேர்மையாக நடந்தது என்று நீதிமன்றம் ஏற்றது.

வெளிவந்த தாள்கள் வேறொரு கதவைக் காட்டின. என்.எஸ்.ஏ.யிடமும் இது தொடர்பான ஆவணங்கள் இருப்பது அவற்றிலிருந்து தெரிந்தது. ‘பறக்கும் தட்டு ரகசியத்துக்கு எதிரான குடிமக்கள்’ என்ற அமைப்பு, மீண்டும் கெர்ஸ்டன் வழியாக, வழக்குப் போட்டது. 239 ஆவணங்கள் கிடைத்ததாக முகமை ஒப்புக்கொண்டது. அவற்றில் 79 பிற துறைகளுடையவை. பெரும்பகுதியான 156, அயல்நாடுகளின் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்டுத் தயாரித்த அறிக்கைகள். இந்த அறிக்கைகளில் ஒன்றைக்கூடத் தர முடியாது என்றது. காரணங்களை அதிகாரி யூஜின் யேட்ஸ் 21 பக்கப் பிரமாணப் பத்திரமாக எழுதினார். ‘மிக ரகசியம்’ என்பதால் அதை நீதிபதி மட்டுமே படித்தார், கெர்ஸ்டனுக்குக் காட்டவில்லை. தான் பார்க்காத வாதத்துக்கு எதிராக அவர் வாதாட வேண்டியிருந்தது.

நீதிபதி கெர்ஹார்டு கெசல் அரசு சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவர் அல்லர். வியட்நாம் போர் பற்றிய ரகசியப் ‘பென்டகன் ஆவணங்களை’ 1971இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிடுவதைத் தடுக்க மறுத்தவர் அவரே. அப்படிப்பட்டவரும் 1980 நவம்பரில் என்.எஸ்.ஏ. பக்கமே தீர்ப்பளித்தார்: பொதுமக்களின் அக்கறையைவிடத் தேசப் பாதுகாப்புக்கு நேரக்கூடிய கேடு பெரிது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

யேட்ஸின் பத்திரம் அதே ஆண்டு, பாதிக்கு மேல் கறுப்படித்த நிலையில், வெளியே வந்தது. கறுப்புக்கடியில் விண்கலம் இருக்கிறது என்று பலர் நம்பினார்கள். 1990களின் பிற்பகுதியில் வெளிவந்த கூடுதல் பகுதிகள் வேறொன்றைக் காட்டின: பிற நாட்டு ரேடார் நிலையங்கள் தாங்கள் கண்ட பொருள்களைப் பற்றிப் பேசியதை அமெரிக்கா ஒட்டுக்கேட்டிருந்தது, சிலவற்றில் அது பலூனாக இருக்கலாம் என்ற குறிப்பும் உண்டு. மறைக்கப்பட்டது பொருளன்று, அதைக் கேட்ட காது. முகமைக்கு அது காக்க வேண்டிய ரகசியம்தான். ஆனால் அந்த உண்மையைக்கூடச் சொல்லாமல் மறைத்ததால் வதந்தி ஒரு தலைமுறைக்கு வளர்ந்தது. அதற்கான பொறுப்பில் பங்கு அரசுக்கும் உண்டு.

2023 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு நிதி ஒப்புதல் சட்டம், அடையாளம் தெரியாத பொருள்கள் பற்றிய அரசுப் பதிவுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தனித் தொகுப்பாகச் சேர்க்க ஆணையிட்டது. ரகசியத்தை நீட்டிக்கலாமா என்று முடிவுசெய்யத் தனி மறுஆய்வுக் குழு வேண்டும் என்ற முன்மொழிவு இறுதி வடிவில் இடம்பெறவில்லை. எதை நிறுத்திவைப்பது என்பதை முதலில் முடிவுசெய்வது இன்றும் அந்தந்த முகமையே.