எசுப்பானிய எதிர்கால வினையின் வரலாறு

எசுப்பானிய மொழியின் எதிர்கால வினைவடிவம் இலத்தீன் எதிர்காலத்தின் நேர் வாரிசு அன்று. பழைய வடிவம் பேச்சில் அழிந்த பின்னர் இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்த புதிய வடிவம் அது.

அழிவுக்கு ஒலி மாற்றம் முக்கியக் காரணமாகும். இலத்தீனில் 'அமாபித்' என்றால் 'நேசிப்பான்'. 'அமாவித்' என்றால் 'நேசித்தான்'. உரோமைப் பேரரசின் பிற்காலப் பேச்சில் இந்தப் பகர ஒலி வகரத்தோடு கலந்துவிட்டது. நடந்ததையும் நடக்கப்போவதையும் காதால் பிரித்தறிவது கடினமாயிற்று. எனவே மக்கள் 'நேசிக்க' என்பது போன்ற வடிவத்துடன் 'உடையேன்' எனப் பொருள்படும் 'ஆபேயோ' என்ற வினையைச் சேர்த்துப் பேசினர். முதலில் கடமையைக் குறித்த இத்தொடர் பின்னர் எதிர்காலத்தைக் குறித்தது. தமிழில் 'வர உள்ளேன்' என்பது ஓரளவு இதை ஒத்தது.

7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெதெகார் வரலாற்று நூலில் ஒரு கதை உண்டு. நிலங்களைத் தர மாட்டேன் என்ற பாரசீக மன்னனிடம், பேரரசர் ஜஸ்டினியன் 'தாராஸ்' (தருவாய்) என்றாராம். அதனால் தாரா நகருக்கு அப்பெயர் வந்ததாம். பெயர்க்காரணம் கட்டுக்கதையே. ஆனால் அந்த ஒரு சொல் புதிய எதிர்காலத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்றாகும். இன்றைய எசுப்பானியத்திலும் 'தருவாய்' என்பதற்கு அதே சொல்தான்.

1492இல் எசுப்பானிய இலக்கணம் எழுதிய அந்தோனியோ தே நெப்ரிஹா இந்த ஒட்டை அப்போதே கண்டறிந்திருந்தார். 'ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஆன்' என்பவை அந்த 'உடைமை' வினையின் நிகழ்கால வடிவங்கள். 'அமார்' (நேசிக்க) என்பதன் மீது இவை ஏறினால் அமாரே, அமாராஸ், அமாரா, அமாரேமோஸ், அமாரான் கிடைக்கின்றன. நீங்கள் என்பதற்கான 'ஆபேயிஸ்' மட்டும் 'ஏயிஸ்' எனக் குறுகி 'அமாரேயிஸ்' ஆகிறது. விகுதிகளைத் தனியே மனப்பாடம் செய்யும் மாணவர் இதை அறிந்தால் பாதிச் சுமை குறையும். பழைய எசுப்பானியத்தில் இரு பகுதிகளுக்கு நடுவே 'உனக்கு' போன்ற சொல்லையும் நுழைக்க முடிந்தது. போர்த்துக்கேய எழுத்து நடையில் இவ்வழக்கம் இன்றும் உள்ளது.

ஒழுங்கற்றவை எனப்படும் வினைகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 'தெனேர்' (வைத்திருக்க) என்பது விகுதி சேர்ந்தபோது நடு உயிரை இழந்தது. னகரமும் ரகரமும் நேரே மோத, இடையில் ஒரு தகர ஒலி தோன்றி 'தெந்த்ரே' ஆயிற்று. தமிழில் 'கன்று' எனும்போது இடையே ஒரு டகரச் சாயல் கேட்பதும் இவ்வாறே. 'பொந்த்ரே' (வைப்பேன்), 'சல்த்ரே' (வெளியேறுவேன்) ஆகியவையும் இதே வழியில் வந்தவை.

இன்றைய பேச்சில், குறிப்பாக இலத்தீன் அமெரிக்காவில், 'போகிறேன்' என்ற வினையுடன் கூடிய 'போய் ஆ அமார்' (நேசிக்கப் போகிறேன்) என்ற தொடரே மிகுதி. ஒலியில் தமிழ்ப் 'போய்' போலிருப்பது தற்செயல். மீண்டும் ஒரு சுற்றுவழித் தொடர் எதிர்காலத்தின் இடத்தைப் பிடித்துவருகிறது. பழைய வடிவமோ ஊகத்தைச் சொல்லவும் பெரிதும் பயன்படுகிறது: 'செரான் லாஸ் த்ரேஸ்' என்றால் 'மணி மூன்று இருக்கும்'.