நுழைவுத் தேர்வும் எங்கள் வீட்டுப் பல் டாக்டரும்

போன வாரம் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. பிடுங்கியது என் அக்கா மகள். "மாமா, வாயை நல்லா திறங்க, ஆவடி டேங்க் ஃபேக்டரியில முப்பது வருஷம் வேலை பாத்தவரு இதுக்குப் போய் பயப்படலாமா?" என்று கேட்டுக்கொண்டே வேலையை முடித்துவிட்டாள். பஞ்சைக் கடித்தபடி சேக்காட்டுக்குத் திரும்பும்போது அவள் இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த கதை ஞாபகத்துக்கு வந்தது. அது அவள் கதை மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு வந்த கதையும் போன கதையும் மறுபடி வந்த கதையும் அதில் இருக்கிறது.

நான் பி.யூ.சி. படித்த காலத்தில் நுழைவுத் தேர்வு கிடையாது. பி.யூ.சி. மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் உண்டு. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் நேர்முகத்துக்கு மட்டும் 75 மதிப்பெண் வைத்திருந்தார்கள். அந்த முறையை எதிர்த்து பெரியகருப்பன் என்ற மாணவர் போட்ட வழக்கு 1970இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நேர்முகம் நடந்த விதத்தை நீதிமன்றம் கடுமையாகவே கண்டித்தது. எங்களைப் போன்ற தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு வழக்கின் விவரம் தெரியாது. "உள்ளே ஆள் வேணும்ப்பா" என்பது மட்டும் தெரியும்.

1978இல் பிளஸ் டூ முறை வந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. எங்கள் அக்கா மகள் எழுதிய காலத்தில் கணக்கு இப்படி: உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300. இந்த முந்நூறில் அரை மதிப்பெண், கால் மதிப்பெண் குறைந்தால்கூட நூற்றுக்கணக்கான பேருக்குப் பின்னால் போய்விடுவோம். எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் அதே வரிசைதான்.

பல் மருத்துவப் படிப்புக்கு அரசு இடம் மிகவும் குறைவு. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. தனியார் கல்லூரிகள் எண்பதுகளின் கடைசியில் வரத் தொடங்கின. நம் பக்கத்திலேயே வேலப்பன்சாவடியில் 1988இல் சவீதா வந்தது. பூந்தமல்லி பஸ்ஸில் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்ப்போம். பார்க்கத்தான் முடியும், தனியார் கட்டணம் எங்களுக்கு எட்டாது.

அவள் 1998இல் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மதிப்பெண்தான், ஆனால் இடம் கிடைக்கவில்லை. அதே வருடம் அத்தான் படுத்த படுக்கையாகிவிட்டார். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். சட்டையில் தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் சரியாக இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கும் வேலை.

அப்போது 'இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒன்று இருந்தது. பிளஸ் டூ பாடங்களைத் தனித்தேர்வராக மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டு, நுழைவுத் தேர்வையும் திரும்ப எழுதலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் வீட்டிலிருந்து, கோச்சிங் போய் எழுதுவார்கள். இவளுக்கு அந்த ஒரு வருடம் கிடையாது. காலையில் ஆவடியில் ரயில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கும்வரை படிப்பாள். உட்கார இடம் கிடைக்காது. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்ள முடியாது என்பதால் கேள்விகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி நான்காக மடித்து வைத்திருப்பாள். இரவு வந்து அப்பாவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, பதினொரு மணிக்குமேல் உட்காருவாள். நான் இரண்டாம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது அவர்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

நுழைவுத் தேர்வுக்கு லீவு கேட்டாள். ஷிப்மென்ட் நேரம், கொடுக்க மாட்டேன் என்றார்கள். "போனா கணக்கை முடிச்சிக்கிட்டுப் போ" என்றாராம் சூப்பர்வைசர். அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் அவளுடையது. அக்கா என்னிடம் வந்து, "நீ சொல்லுடா, நான் சொன்னா கேக்கமாட்டா" என்று அழுதாள். நானும் சொன்னேன். "ஒரு தடவை எழுதியாச்சு இல்லம்மா, கிடைக்கலன்னா விட்டுடு. கையில இருக்கற வேலையைப் பாரு" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஹால் டிக்கெட்டையும் இரண்டு பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலையும் போய்விட்டது.

முடிவு வரும்வரை அந்த வீட்டில் நடந்தது எனக்குத்தான் தெரியும். அரிசிக் கடையில் கணக்கு ஏறியது. அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை, நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமாம். கடைசியில் முந்தைய வருடத்தைவிட 16 மதிப்பெண் கூடியிருந்தது. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அரசுக் கல்லூரியில் பி.டி.எஸ். கிடைத்தது. சென்ட்ரலில் இறங்கி நடந்து போகும் தூரம்தான். அதே ரயில், இப்போது பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டியதில்லை.

2005 ஜூனில் நுழைவுத் தேர்வும் கிடையாது, இம்ப்ரூவ்மென்டும் கிடையாது என்று ஜெயலலிதா அரசு ஆணை போட்டது. கிராமத்துப் பிள்ளைகள் கோச்சிங் போக முடியாமல் பின்தங்குகிறார்கள் என்பது காரணம். எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது வாய்ப்பு இல்லாவிட்டால் நம் பெண் என்னவாகியிருப்பாள் என்று அவளிடமே கேட்டேன். "மாமா, என்கூட இம்ப்ரூவ்மென்ட் எழுதினவங்கள்ல வேலைக்குப் போய்க்கிட்டு எழுதினவங்களை எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்ல. அந்த வாய்ப்பு எங்களுக்காக வெச்சது இல்ல, நான் இடையில புகுந்துட்டேன்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த ஆணையையும் 2006இல் வந்த சட்டத்தையும் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு கலைஞர் அரசு அனந்தகிருஷ்ணன் குழுவை அமைத்து, புதிய சட்டம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே என்றானது. அது பத்து வருடம் ஓடியது. 2013இல் நீட் ஒருமுறை நடந்து, அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, 2016இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017 முதல் நமக்கும் நீட். பல் மருத்துவத்துக்கும் அதுதான். நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கைப்படி, எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் திரும்ப எழுதியவர்கள் 2016-17இல் சுமார் 12 சதவீதம், 2020-21இல் சுமார் 71 சதவீதம்.

அந்த 71 சதவீதத்தில் பட்டரவாக்கம் ரயிலில் நின்றுகொண்டு படித்தவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கை சொல்லவில்லை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது, அது கொஞ்சம் ஆறுதல்.

அவளுடைய கிளினிக்கில் உதவிக்கு ஒரு பெண் இருக்கிறாள். பிளஸ் டூ முடித்தவள், நீட் இரண்டாம் முறை எழுதப்போகிறாளாம். என் பல்லைப் பிடுங்கிய அன்று அந்தப் பெண் இல்லை. "எங்கம்மா உன் அசிஸ்டென்ட்?" என்றேன். "பரீட்சை வரைக்கும் லீவு, சம்பளத்தோட" என்றாள் அக்கா மகள், என் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே.