வட்ட இயக்கம்

ஒரு மையத்திலிருந்து மாறாத தொலைவில் பொருள் சுற்றிவருவது வட்ட இயக்கம். வேகம் மாறாவிட்டாலும் திசை கணந்தோறும் மாறுவதால் இதில் எப்போதும் முடுக்கம் உண்டு. அம்முடுக்கம் மையத்தை நோக்கியது. வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். அதைத் தருவது மையநோக்கு விசை. இது தனிவகை விசையன்று. கவணில் கயிற்றின் இழுப்பும், சாலையில் டயரின் உராய்வும், விண்ணில் புவியீர்ப்பும் இவ்வேலையைச் செய்கின்றன. விசை நின்ற கணமே பொருள் தொடுகோட்டில் நேராகப் பாயும்.

கருத்தின் வரலாறு

வானப் பொருள்களுக்கு வட்டத்தில் செல்வதே இயல்பு, அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்று அரிஸ்டாட்டில் கருதினார். இக்கருத்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்தது. பூமி தன் அச்சில் சுழல்கிறது என்று 499இல் எழுதிய ஆரியபட்டரும் கோள்களின் பாதையை வட்டங்களைக் கொண்டே கணித்தார். 1609இல் கெப்ளர், கோள்களின் பாதை நீள்வட்டம் என்று காட்டினார். தடையில்லாத பொருள் நேர்கோட்டில்தான் செல்லும் என்று 1644இல் டெக்கார்ட் எழுதினார். கவண்கல்லே அவர் காட்டிய சான்று. சுழலும் பொருள் கயிற்றை எவ்வளவு இழுக்கும் என்பதை 1659இல் ஹைகன்ஸ் கணக்கிட்டார். 1687இல் நியூட்டன் உள்நோக்கிய இழுப்பை அடிப்படையாக்கினார். புவி ஆரத்தைப் போல் 60 மடங்கு தொலைவிலுள்ள நிலவின் முடுக்கம், தரையில் விழும் பொருளின் முடுக்கத்தில் 3,600இல் ஒரு பங்கு என்று காட்டி, இரண்டுக்கும் ஒரே விசைதான் காரணம் என்று நிறுவினார்.

சென்னையில் ஊசல் ஆய்வு

பாரிஸிலிருந்து பிரெஞ்சு கயானாவின் காயேனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதை 1672இல் வானியலாளர் ரிஷே கண்டார். காயேன் இருக்கும் நிலநடுக்கோட்டருகே ஈர்ப்பின் ஒரு பகுதி, பொருள்களைப் புவியோடு சேர்த்துச் சுழற்றுவதிலேயே செலவாகிறது. புவியின் நடுப்பகுதி புடைத்திருப்பதும் எடையைக் குறைத்து ஊசலை மெதுவாக்குகிறது. இதைச் சரிபார்க்க உலகின் பல இடங்களில் ஊசல்கள் அளக்கப்பட்டன. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் 1821இல் அந்த அளவீட்டைச் செய்தார்.

நுங்கம்பாக்கத்துக்கு மேற்கே, ஏறக்குறைய அதே அட்சக்கோட்டில் நூம்பல் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே அசையாமல் நிற்பவரும் புவிச்சுழற்சியால் மணிக்குச் சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே செல்கிறார். ஆனால் அவர் சுற்றும் வட்டம் மிகப் பெரியது. அதனால் இந்தச் சுழற்சி அவர் எடையில் குறைப்பது சுமார் 300இல் ஒரு பங்குதான்.

சாலை வளைவுகள்

நூம்பலிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நகரை நோக்கி வந்தால் மதுரவாயலில் சென்னைப் புறவழிச்சாலை குறுக்கிடுகிறது. அங்குள்ள மேம்பாலத்தின் சுற்றுப்பாதையில் பேருந்து திரும்பும்போது பயணி வெளியே தள்ளப்படுவதாக உணர்கிறார். உண்மையில் அவர் உடல் நேராகவே செல்ல முயல்கிறது. பேருந்துதான் உள்பக்கம் திரும்புகிறது. பேருந்தோடு சுழன்றபடி கணக்கிடுவோருக்கு மட்டுமே மையவிலக்கு விசை தேவைப்படுகிறது.

சாலையின் வெளிவிளிம்பை உயர்த்தினால் உராய்வின் சுமை குறையும். சமவெளிச் சாலைகளில் இந்தச் சரிவு 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதும், பக்கவாட்டு உராய்வுக் கெழுவை 0.15 என்று கொள்வதும் இந்திய சாலைப் பேராயத்தின் விதி. 7 சதவீதச் சரிவும் 50 மீட்டர் ஆரமும் உள்ள வளைவில் மணிக்கு 36 கி.மீ. வேகத்துக்கு 0.13 அளவு உராய்வு போதும். 54 கி.மீ. வேகத்தில் 0.39 வேண்டும். இங்கே வேகம் ஒன்றரை மடங்கானால் உராய்வின் தேவை மூன்று மடங்காகிறது. மழையில் நனைந்த சாலை அவ்வளவு பிடிப்பைத் தராமல் போகலாம். அதே வளைவில் பைக் ஓட்டுபவர் முதல் வேகத்தில் சுமார் 12 பாகை, இரண்டாவதில் சுமார் 25 பாகை உள்பக்கம் சாய வேண்டும்.

செயற்கைக்கோள் பாதை

சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980 ஜூலை 18இல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அங்கிருந்து கிழக்கே ஏவப்படும் ஏவூர்திக்குப் புவிச்சுழற்சியே வினாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தைத் தந்துவிடுகிறது. 300 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற வினாடிக்கு 7.7 கி.மீ. வேகம் வேண்டும். அவ்வுயரத்திலும் ஈர்ப்பு தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது; கலத்தை வட்டத்தில் வளைப்பதும் அதுவே. கலமும் உள்ளே இருப்பவையும் ஒன்றாக விழுந்துகொண்டே வளைவதால்தான் அங்கே எடையின்மை உணரப்படுகிறது.