முதல் வசனத்தில் என்ன இருக்கிறது?

"பந்தியின்ர முதல் வசனத்தைப் பார், கருத்து அதிலதான் இருக்கும். இல்லாட்டி கடைசி வசனத்தைப் பார்." கிரகித்தல் கேள்விக்கு விடை எழுதிப் பழகிய எவருக்கும் இது புதுசில்லை. இப்படிச் செய்தால் புள்ளியும் வரும். ஆனால் அதே பிள்ளையிடம் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, "இதில என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தையே திரும்ப வாசித்துக் காட்டும்.

இந்தக் குறுக்குவழிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1866இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின், கட்டுரை எழுதுவது பற்றி ஒரு பாடநூல் வெளியிட்டார். பந்தி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அதில் சில விதிகள் வைத்தார். பந்தி எதைப் பற்றியது என்பதைத் தொடக்க வசனமே காட்டிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அது எழுதுகிறவனுக்குச் சொன்ன புத்தி. வகுப்பறைகளில் புழங்கிப் புழங்கி, வாசிக்கிறவனுக்கும் அதையே விதியாக்கிவிட்டார்கள். வீடு கட்டுகிறவனிடம் "வாசலைக் கிழக்கே வை" என்று சொன்னதை நம்பி, எல்லா வீட்டிலும் கிழக்குப் பக்கம் போய்க் கதவைத் தட்டுகிற மாதிரி.

எழுத்தாளர்கள் உண்மையில் அப்படித்தான் எழுதுகிறார்களா? 1974இல் ரிச்சர்ட் பிராடொக் என்ற அமெரிக்க ஆய்வாளர், பெயர்பெற்ற சஞ்சிகைகளில் வந்த 25 கட்டுரைகளை எடுத்துப் பந்தி பந்தியாகப் பிரித்துப் பார்த்தார். கருத்து வசனத்தோடு தொடங்கிய பந்திகள் கிட்டத்தட்ட 13 வீதம் மட்டுமே. நூறு வருசமாகச் சொல்லிக்கொடுத்த விதி பாடநூலுக்கு வெளியே இவ்வளவுதான் பலித்திருக்கிறது.

கூத்து என்னவென்றால், வாசிப்பின் சிக்கலை எட்வர்ட் தோர்ண்டைக் 1917இலேயே காட்டியிருந்தார். அவர் நியூயோர்க்கில் இருந்த உளவியலாளர். ஃபிராங்ளின் என்ற ஊரில் 7 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கூடம் போக வேண்டும், நோயோ மோசமான பாதையோ இருந்தால் மட்டும் விலக்கு என்று சொல்லும் ஒரு சின்னப் பந்தியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார். இந்தப் பந்தி பொதுவாக எதைப் பற்றியது என்று கேட்டார். சிலர் "ஃபிராங்ளின்" என்று எழுதினார்கள், சிலர் "பள்ளிக்கூடம்" என்றார்கள். பந்தி என்ற சொல்லைக் கண்டதும் "தொடக்கத்தில இடம் விட வேணும்" என்று எழுதியவர்களும் இருந்தார்கள்! சிரிக்கத் தோன்றும். தோர்ண்டைக் சிரித்துவிட்டுப் போகவில்லை. ஏதோ ஒரு சொல் பிள்ளையின் மனதில் அளவுக்கு மீறிப் பாரமாகிவிடுகிறது, மற்றச் சொற்கள் காணாமல் போகின்றன, கணக்குச் செய்கிற மாதிரி ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டிய வேலை இது என்றார். பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்க விடுவதைக் குறைத்து, மௌனமாக வாசித்துச் சுருக்கம் சொல்ல வைக்கவேண்டும் என்றும் எழுதினார். எங்கட வகுப்புகளில் இன்றைக்கும் ஒருவர் எழும்பி நின்று வாசிக்க மற்றவர்கள் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு இருப்பார்கள்.

1983இல் ஆன் பிரவுன், ஜீன் டே இருவரும் சுருக்கம் எழுதும்போது என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். தேவையில்லாததை வெட்டுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே வருகிறது. வெட்டி, மிஞ்சியதைப் பார்த்தெழுதி வைத்துவிடும். சிக்கல் எங்கே என்றால், கருத்து வசனமே இல்லாத பந்தியில். ஓர் உதாரணம்: "பனங்கிழங்கை அவித்தும் காயவைத்தும் சாப்பிடுவார்கள். ஓலையில் பாயும் பெட்டியும் இழைப்பார்கள். மரத்தை அறுத்து வீட்டுக்கு வளை போடுவார்கள்." இதில் எந்த வசனத்துக்குக் கீழே கோடு போடுவது? பனையின் ஒவ்வொரு பாகமும் பயன்படுகிறது என்ற வசனத்தை வாசிக்கிறவரே உண்டாக்க வேண்டும். இந்த வேலையைத் தேவைப்பட்ட இடங்களில் பாதியளவில்தான் பல்கலைக்கழக மாணவர்களாலேயே செய்ய முடிந்தது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அது வரவில்லை என்று "மக்கு" பட்டம் கொடுக்கிறோம்.

அடுத்த வருசம் பிரவுனும் அன்மரி பாலின்சாரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு வேலை செய்தார்கள். சரளமாக வாசிப்பார்கள், விளங்காது; அப்படிப்பட்ட பிள்ளைகள். ஆசிரியரும் மாணவரும் மாறி மாறி வாத்தியார் ஆவதுதான் முறை. வாத்தியார் முறை வந்தவர் ஒரு பகுதியைச் சுருக்கிச் சொல்ல வேண்டும், அதில் கேள்வி கேட்க வேண்டும், விளங்காததைத் தெளிவாக்க வேண்டும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். கிட்டத்தட்ட 20 நாட்கள் இப்படியே போனது. அவர்களுடைய வழமையான சமூகக்கல்வி, விஞ்ஞான வகுப்புகளிலும் முன்னேற்றம் தெரிந்தது.

அவர்களில் ஒரு பையன் முதல் நாள் பாம்புகளைப் பற்றிய பந்தியில் கேள்வி கேட்கத் தொடங்கி, பாம்புகளின் பெயர்களையே அடுக்கிக்கொண்டு போய்ச் சிக்கிக்கொண்டான். கடைசியில் ஆசிரியர் கேள்வியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. பதினைந்தாம் நாள், விஞ்ஞானிகள் ஏன் தென்துருவத்துக்கு ஆராய வருகிறார்கள் என்று அவனே கேட்டான், ஒரே வசனத்தில்.