தலைப்புப் பட்டைத் தமிழ் எழுத்து

தலைப்புப் பட்டைத் தமிழ் எழுத்து என்பது கைப்பேசிச் செயலியின் மேல்விளிம்பில் நிற்கும் தலைப்பைத் தமிழில் காட்டும் எழுத்துரு, அளவு, தடிமன், நிறம் ஆகியவற்றின் அமைப்பு. இயங்குதளப் பதிப்பு மாறினாலும் தலைப்பின் தோற்றம் மாறாமல் காப்பது செயலி எழுதுவோரின் ஓயாத வேலை.

இதன் தமிழ் வரலாறு ஐபோனுக்கு வெகுமுன்பே மலேசியாவில் தொடங்குகிறது. ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ தொகுத்த முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1985இல் முரசு என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதுவே பின்னர் முரசு அஞ்சல் ஆயிற்று. அக்காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறை வழங்கியதால், ஒருவர் தட்டச்சிட்டது மற்றவர் கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. இதைத் தீர்க்க, 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு தாம், தாப் என்னும் பொதுக் குறியீட்டு முறைகளை ஏற்றது. உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு இடம் போதாது என்ற வாதம் பிற்பாடு பொருளிழந்தது. 2005 பொங்கலையொட்டி, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் செயலியான செல்லினம் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. மேக் கணினிகளுக்கு இணைமதி, பின்னர் தமிழ் சங்கம் எம்என் ஆகிய எழுத்துருக்களும் முத்து நெடுமாறனுடையவையே. எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள். ஐபோனின் ஆங்கில எழுத்துருவில் தமிழ் இல்லாததால், தமிழ்த் தலைப்புக்குச் சங்கம் எம்என் கைகொடுத்தது.

தலைப்பின் எழுத்துரு, நிறம், நிழல் மூன்றையும் செயலி முழுவதற்கும் ஒரே இடத்தில் குறிக்கும் வசதி, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸின் 5ஆம் பதிப்பில் (2011) வந்தது. அன்றைய நிழல் தமிழ்ச் சுழிகளை மங்கச் செய்தது. ஐஓஎஸ் 7 (2013) அதைக் களைந்தது நல்லதே. ஆனால் பண்புகளின் பெயர்களும் அப்போது மாறியதால், பழைய பதிப்புக்கும் புதியதற்கும் தனித்தனிக் கட்டளைகள் எழுத நேர்ந்தது. ஐஓஎஸ் 11 (2017) கொணர்ந்த 34 புள்ளி எழுத்தளவுப் பெருந்தலைப்பில் ‘பிரிக்பீல்ட்ஸ் நிகழ்வுகள்’ போன்ற நீண்ட தலைப்பை இட்டால், பாதியில் மூன்று புள்ளிகளாக முடிந்துவிடும். ‘கீ’யின் சுழி மேலும் ‘று’வின் கால் கீழும் நீள்வதால் வரியுயரமும் கூடுதலாக வேண்டும்.

ஐஓஎஸ் 13 (2019) தோற்றப் பண்புகளை ஒரே பொருளில் திரட்டியது. ஐஓஎஸ் 15க்கென மறுபடி கட்டிய செயலிகளில், உருட்டாத நிலையில் பட்டை நிறமிழந்து, வெள்ளைத் தலைப்பு வெள்ளைத் திரையில் மறைந்தது. உருட்டும்போதுள்ள இயல்பு நிலை, உருட்டாதபோதுள்ள விளிம்பு நிலை இரண்டுக்கும் ஒரே தோற்றத்தைத் தருவதே தீர்வு.

ஐபோனுக்கு வெளியே, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 5.0 பதிப்பு (2014) முதல் தமிழ் இடைமுக மொழியாக உள்ளது. ஐபோனில் ஐஓஎஸ் 26 (2025) தலைப்புப் பட்டையைக் கண்ணாடி போலாக்கியது.