பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு செகண்ட் ஹேண்ட் இன்ஜின் தேடுறீங்களா? பவரைப் பார்க்கும் முன் நம்பரைப் பாருங்க!

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் மட்டுமல்ல, சில இடங்களில் பின்கட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய பழைய காரும் நிற்கும். அதைத் திரும்ப ஓட வைக்கணும்னு இறங்குபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "கொஞ்சம் பவரான இன்ஜினா செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் தவறான இன்ஜினை வாங்கிப் பொருத்தினால், லட்சக்கணக்கில் செலவு செய்தும் ரோட்டில் எடுக்க முடியாத கார்தான் மிஞ்சும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

ஹெரால்டு ஏன்?

இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு காரை, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இங்கே தயாரித்தது. இதே ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி.

இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து இன்ஜின். இந்திய ஹெரால்டில் 948 சி.சி., சுமார் 35 குதிரைத்திறன். ஸ்பிட்ஃபயரில் முதலில் 1,147 சி.சி., பிறகு 1,296 சி.சி., கடைசியில் 1,493 சி.சி. இதில் 1,296 சி.சி. இன்ஜின் 75 குதிரைத்திறன் தந்தது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்! அதனால்தான் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் இன்ஜின் மேல் ஆசை.

என்னென்ன வழி இருக்கு?

1. அதே 948 சி.சி. இன்ஜின்: இன்னொரு ஹெரால்டிலிருந்தோ, அதன் பிறகு வந்த ஸ்டாண்டர்டு கேஸல் காரிலிருந்தோ எடுக்கலாம். போரிங், புது பிஸ்டன், வால்வு வேலை எல்லாம் சரியாகச் செய்தால், தேய்ந்துபோன பழைய இன்ஜினோடு ஒப்பிடும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

2. ஸ்பிட்ஃபயர் இன்ஜின்: வெளிநாட்டிலிருந்துதான் வரணும். கிளட்ச், ஃப்ளைவீல், கிராங்க் அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும். 1,493 சி.சி. இன்ஜினில் கிராங்க் பேரிங் சீக்கிரம் தேயும் என்ற பெயரும் உண்டு.

3. வேறு கம்பெனி இன்ஜின்: கான்டெஸாவிலும் அம்பாசிடரிலும் வந்த இசுஸு 1.8 லிட்டர், மாருதி ஜிப்சியின் 1.3 லிட்டர் இரண்டும் இந்த வகையில் பேசப்படுபவை. இவை நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டும் இன்ஜின்கள். சாதாரண முன்சக்கர டிரைவ் காரின் இன்ஜின் குறுக்கே உட்காரும். அதை ஹெரால்டில் வைக்க நிறைய வெட்டி ஒட்டணும்.

சட்டம் என்ன சொல்லுது?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே வகை இன்ஜின் என்றால், ஆர்.டி.ஓ. அனுமதியோடு புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வழி இருக்கு. முன்கூட்டியே அனுமதி வாங்குவதுதான் நல்லது. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்கணும். ஆனால் 948 சி.சி. என்று ஆர்.சி.யில் இருக்கும் வண்டியில் 1,817 சி.சி. இசுஸு இன்ஜினைப் பொருத்தினால் கதை வேறு. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சிக்கலாகிவிடும்.

இன்னொரு இழப்பும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய கார்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, வின்டேஜ் கார் பேரணி போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. ஹெரால்டுக்கு வயசுத் தகுதி இருக்கு. ஆனால் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்கணும் என்பது நிபந்தனை. பெரிய இன்ஜின் வைத்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

எங்கே தேடுவது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் மரத்தூண், எனாமல் பாத்திரம், பழைய கடிகாரம் எல்லாம் கிடைக்கும். கார் இன்ஜினுக்குக் கொஞ்சம் வெளியே போகணும். சென்னை புதுப்பேட்டைதான் பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம். லேத், போரிங் வேலைக்குக் கோவையில் நல்ல பட்டறைகள் உண்டு. பழைய கார் கிளப் ஆட்களிடம் சொல்லி வைப்பதும் பலன் தரும்.

காயலான் கடையில் வாங்கினாலும் ரசீது இல்லாமல் வாங்காதீங்க. எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ஒப்படைக்கப்பட்டதா, வெளிநாட்டு இன்ஜின் என்றால் சுங்கத்துறை ஆவணம் இருக்கா என்று கேளுங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில், திருட்டு வண்டிப் பட்டியலில் அந்த விவரங்கள் இருக்கா என்று பார்க்கலாம். நம்பரைத் தேய்த்தோ, மறுபடி குத்தியோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம்.

வாங்கும் முன் எதைச் சோதிக்கணும்?

* கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்க. சுற்றவில்லை என்றால் ஜாம் ஆகியிருக்கு.
* ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி மாதிரி படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், பிளாக்கில் விரிசலும் இருக்கலாம்.
* இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால், சூடாகும் முன்பே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்க. நீலப் புகை வந்தால் ஆயில் எரியுது. சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகுது.
* கம்ப்ரஷன் மீட்டர் வைத்து 4 சிலிண்டரையும் பாருங்க. ஒன்று மட்டும் ரொம்பக் குறைந்திருந்தால் செலவு காத்திருக்கு.
* ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இன்ஜினுக்கு மட்டும் ஒரு சோதனை: ஒருவர் கிளட்சை அழுத்தும்போது கிராங்க் புல்லி முன்னால் பின்னால் நகருதா பாருங்க. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கு. அது கழன்று விழுந்தால் பிளாக்கே வீணாகிவிடும்.

பவர் கூடினால் பிரேக்?

இந்திய ஹெரால்டில் வந்தது டிரம் பிரேக். பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வளைவில் வேகமாகப் போய் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால், பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டி பிடி இழக்கும். 35 குதிரைத்திறனுக்குப் போட்ட பிரேக்கும் ஆக்சிலும் 75-ஐத் தாங்கும்னு நம்பக் கூடாது. இன்ஜின் விலையோடு பிரேக், ரேடியேட்டர், கியர்பாக்ஸ், மவுண்டிங் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்க. இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் அவற்றையும் மாற்றணும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

ரோட்டில் ஓட்டணுமா? அதே வகை இன்ஜின், சரியான பேப்பர், ஆர்.டி.ஓ. அனுமதி. கண்காட்சிக்கும் பேரணிக்கும் மட்டுமா? அசல் இன்ஜினையே சீர்செய்து 'வி.ஏ.' பதிவுக்கு முயற்சி செய்யலாம். பவர்தான் முக்கியமா? அது பந்தயத் தடத்துக்கு மட்டுமான கார் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்க. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் தடங்கள் இருக்கு. வண்டியை அங்கே லாரியில் ஏற்றித்தான் கொண்டு போகணும்.

இந்த மூன்றில் எது என்று முடிவான பிறகு அட்வான்ஸ் கொடுங்க. அதுவரை கொட்டகையில் இருக்கும் பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுடாதீங்க. ஆர்.சி.யில் இருப்பது அந்த நம்பர்தான்.