யாழ்ப்பாணமும் தீவகமும் கண்ட அமெரிக்கர்

வட இலங்கைத் தமிழர் அமெரிக்கரை நேரிற் காணத் தொடங்கியது 1816ஆம் ஆண்டில். முந்திய ஆண்டு ஒக்டோபரில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நியூபெரிபோர்ட் துறையிலிருந்து பாய்க்கப்பலேறிய டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், எட்வேட் வாரன், ஜேம்ஸ் றிச்சட்ஸ் ஆகிய மிஷனரிமார் கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இடம்பிடித்தனர். தமிழ்நாட்டுக்கு இந்தப் பழக்கம் பிந்தியே வாய்த்தது. மதுரையில் 1834இலும் சென்னையில் 1836இலும் அமெரிக்க மிஷன் தொடங்கியதே யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களால்தான். ஆகவே அமெரிக்கர் எப்படிப்பட்டவர் என்ற எண்ணம் தமிழரிடையே முதலில் உருவானது பாக்குநீரிணையின் இந்தக் கரையில். அந்த எண்ணம் இரு நூற்றாண்டுகளாக மாறி மாறி வந்திருக்கிறது. மாற்றங்களை ஒழுங்காகப் பார்த்தால் ஒரு போக்குத் தெளிவாகிறது: அமெரிக்கர் அரசதிகாரம் இல்லாமல் வந்து நின்ற இடங்களில் மதிக்கப்பட்டனர், அரசாக வந்த இடங்களில் ஒரு சாராருக்கு நம்பிக்கையாகவும் மறுசாராருக்குப் பகையாகவும் தெரிந்தனர். அவர்களோடு பழகிய தமிழரின் தன்மானமும் முதல் வகைத் தொடர்பில்தான் உரம்பெற்றது.

முதலில் வந்தவர்களின் நிலை எவ்வளவு மெலிந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பிரித்தானியாவும் அமெரிக்காவும் 1812இல் தொடங்கி நடத்திய போர் முடிந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. இலங்கை முழுவதும் பிரித்தானியரிடம் இருந்தது. நேற்றுவரை எதிரியாயிருந்த நாட்டின் குடிகளை ஆட்சியாளர் ஐயத்தோடுதான் அனுமதித்தார்கள். 1820இல் அச்சுத்தொழில் தெரிந்த ஜேம்ஸ் கரெற் யாழ்ப்பாணம் வந்தபோது, பதில் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் அவரைத் தங்கவிடாமல் திருப்பி அனுப்பினார். புதிய அமெரிக்க மிஷனரிமார் வருவதற்கான தடை 1833வரை நீடித்தது. வரி வாங்கவோ, வழக்குத் தீர்க்கவோ, உத்தியோகம் கொடுக்கவோ இவர்களால் முடியாது. போத்துக்கேயர் காலத்துப் பாழடைந்த கோவில்களைத் திருத்திக் குடியிருந்தார்கள். தோல் வெள்ளையென்றாலும் கச்சேரியில் செல்வாக்கில்லாத ஒரு கூட்டத்தை யாழ்ப்பாணத்தார் அப்போதுதான் கண்டார்கள். ஊர்மக்களின் தயவில்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தைக்கூட நடத்த முடியாத நிலை அவர்களைத் தமிழ் கற்கவைத்தது. லீவை ஸ்போல்டிங்கின் அகராதிப் பணியும், 1862இல் வெளிவந்த மைரன் வின்சுலோவின் பேரகராதியும் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில் கதை சற்று வேறு. இங்கே அந்நியர் தம் நாட்டுப் பெருமையை நிலத்தின்மீதே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் ஏழு தீவுகளுக்கும் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். சரவணையும் வேலணையும் அடங்கிய தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரடாம். ஆங்கில வழக்கில் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்பது மட்டும் நிலைத்தது. மற்றவற்றை ஊரார் வாயில் எடுக்கவேயில்லை. அமெரிக்கர் பெயரில் இங்கு ஒரு திடலும் இல்லை, துறையும் இல்லை. கத்தோலிக்கமும் சைவமும் வேரூன்றியிருந்த இந்தத் தீவுகளில் அவர்களின் கால் ஆழமாகப் பதியவுமில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தீவுகளில் மிஷன் வேலையைப் பெரும்பாலும் உள்ளூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களே சங்கம் அமைத்து ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே தீவார் கண்ட ‘அமெரிக்கன் மிஷன்’ வேட்டி கட்டிய தமிழ் உபதேசியாரும் தமிழ் வாத்தியாருமாக வந்தது. அமெரிக்கரை அமெரிக்கராகக் காணவேண்டுமென்றால் வள்ளமேறிக் கடல் கடந்து வட்டுக்கோட்டைக்கோ மானிப்பாய்க்கோ போகவேண்டும்.

மானிப்பாயில் இருந்தவர் சாமுவேல் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இந்த வைத்தியர் அடுத்த ஆண்டே மேனாட்டு மருத்துவம் கற்பிக்கும் வகுப்பொன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த கல்வியை 1864இலிருந்து தமிழுக்கு மாற்றினார். அதற்கு நூல்கள் வேண்டும். மாணவர்களையும் தமிழறிஞரையும் துணைகொண்டு இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய பெருநூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் திரட்டினார். அவரிடம் 60க்கு மேற்பட்ட தமிழர் வைத்தியராயினர். இன்றுவரை தமிழில் மருத்துவக் கல்வி முடியுமா என்று வாதிடுவோர், 19ஆம் நூற்றாண்டில் ஓர் ஊர் வைத்தியசாலையில் அது நடந்து முடிந்த காரியம் என்பதை மறக்கக் கூடாது. என் கணிப்பில் அவருடைய மொழிபெயர்ப்புகளைவிடப் பெரியது வேறொன்று. தம் மாணவர் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து ஐரோப்பியரைப்போல ஆவதை அவர் விரும்பவில்லை. உடை, உணவு, பழக்கங்களில் அவர்கள் தமிழராகவே இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். தன் நாட்டை நேசித்த ஒருவர், பிறர் தம் நாட்டாராயிருப்பதையும் அதே அளவு மதித்ததற்கு இது சான்று. 1873இல் ஊர் திரும்பி 1884இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் காலமான அவருடைய கல்லறையில், தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்பதே அடையாளமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கிறீனை வைத்து எல்லா அமெரிக்கரையும் அளந்துவிட முடியாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. மிஷனரிமார் பொஸ்ரனுக்கு எழுதிய கடிதங்களில் நம் கோவில்களும் திருவிழாக்களும் இருளாகவும் அறியாமையாகவும் சித்திரிக்கப்பட்டன. விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்கள் விரும்பிய பெயர்களே சூட்டப்பட்டன. நெவின்ஸ், ஆர்னல்ட், ஹென்றி மார்ட்டின் என்று தமிழ்ப் பிள்ளைகள் அழைக்கப்பட்டார்கள். தீவுகளின் பெயரை மாற்றிய ஒல்லாந்தரைவிட இது ஆழமான தலையீடு என்றுதான் சொல்லவேண்டும். முத்துக்குமார கவிராயர் பாட்டாலும், ஆறுமுக நாவலர் பிரசங்கத்தாலும் பாடசாலையாலும் அச்சுக்கூடத்தாலும் எதிர்த்தெழுந்ததற்குக் காரணம் இருந்தது. நிறத்தடையும் இல்லாமலில்லை. 1896இல் இணுவில் மிஷன் வைத்தியசாலைக்கென நியமனம் பெற்ற கனடிய வைத்தியர் மேரி ஏர்வின், யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்துகொண்டதால் மிஷனின் ஆதரவை இழந்தார். பின்னர் மேரி இரத்தினம் என்ற பெயரோடு கொழும்பில் அவர் செய்த சமூகப்பணி நாடறிந்தது.

இவ்வளவும் உண்மை. ஆயினும் பிள்ளைகளுக்குச் சூட்டிய அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நடந்ததைப் பார்க்கவேண்டும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் கற்ற வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, தமிழில் நியாய இலக்கணம் எழுதினார். அவர் நிறுவிய பள்ளிக்கூடமே 1890இல் சைவ பரிபாலன சபையின் கைக்கு வந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டிப் பாவலர் சரித்திர தீபகம் தந்தார். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அதே செமினறியின் மாணவர். தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராய் வாழ்ந்து, ஏட்டிலிருந்த வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். அமெரிக்கர் கொடுத்த கணிதமும் தருக்கமும் ஆங்கிலமும் இவர்கள் கையில் தமிழ்ப் பெருமைக்கு ஆயுதமாயின. நாவலரும் மிஷனின் முறைகளைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். அடக்கியாளும் அரசிடமிருந்து எதையும் இப்படித் தெரிந்தெடுத்துக்கொள்ள முடியாது. கொள்வதும் தள்ளுவதும் நம் விருப்பமாயிருந்ததற்குக் காரணம், கொடுத்தவரிடம் கட்டாயப்படுத்தும் வலிமை இல்லாமையே.

உத்தியோக ஆசைதானே எல்லாம் என்று சொல்வாருமுண்டு. 1855இல் பொஸ்ரன் தலைமையகத்திலிருந்து வந்த ரூபஸ் அன்டர்சன் குழு, செமினறி மாணவர் அரச வேலைக்கே ஓடுகிறார்கள் என்று கருதி அதை மூடச்செய்தது. ஆங்கிலம் வேண்டாம், தாய்மொழி போதும் என்றது மிஷன். ஆங்கிலமும் வேண்டும் என்றது ஊர். ஆசை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆசைக்காக ஊரார் கைகட்டி நிற்கவில்லை. பழைய மாணவர் தாமே முயன்று, பணமும் சேர்த்து, மிஷனையும் இணங்கவைத்து 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியை எழுப்பினார்கள். அமெரிக்கரோடு முரண்பட்டு, பிறகு அவர்களையே கூட்டாளியாக்கிக்கொண்ட இந்தத் துணிவு, வேலை தேடுவோரின் பணிவிலிருந்து வெகுதூரம் விலகியது.

நூற்றாண்டின் முடிவில் அமெரிக்கா வேறொரு வழியாகவும் இலங்கைக்கு வந்தது. தெற்கே 1880இல் வந்திறங்கிய ஹென்றி ஒல்கொட் என்ற அமெரிக்கர் பௌத்தராகி, சிங்கள பௌத்தப் பாடசாலை இயக்கத்துக்கு ஊக்கம் தந்தார். வடக்கே 1897 ஜனவரியில், சிக்காகோவில் புகழடைந்து திரும்பிய விவேகானந்தரை யாழ்ப்பாணம் பெருவிழாவாக வரவேற்றது. நெவின்ஸ் தொடங்கிய பள்ளி வளர்ந்து இந்துக் கல்லூரியான இடத்தில் அவர் வேதாந்தம் பற்றிப் பேசினார். அமெரிக்கரின் கைதட்டலைச் சான்றாகக் காட்டி எழும் பெருமிதம் கடன்வாங்கிய பெருமிதம் ஆகாதா என்று கேட்கலாம். ஓரளவு அப்படித்தான். அதைக் கடந்துபோனவர்கள் அடுத்த தலைமுறையினர். யாழ்ப்பாணக் கல்லூரியின் ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகி, பூரண சுயராச்சியத்தையும் தாய்மொழியையும் சாதி ஒழிப்பையும் பேசியது. அவர்கள் அழைப்பில் 1927 நவம்பரில் வந்த காந்தி, அமெரிக்கர் அதிபராயிருந்த அந்தக் கல்லூரியிலும் உரையாற்றினார். 1931இல் சுயராச்சியம் தராத அரசியலமைப்பை எதிர்த்து வடக்கின் நான்கு தொகுதிகளில் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. தீவகத்திலுள்ள ஊர்காவற்றுறையும் அவற்றில் ஒன்று. 1934 இடைத்தேர்தலில் அந்தத் தொகுதிக்குத் தெரிவானவர் நெவின்ஸ் செல்வதுரை, சிதம்பரப்பிள்ளையின் மகன். அமெரிக்கக் கொடையாளி கொடுத்த பெயர் இரண்டாம் தலைமுறையில் தீவகத்தின் சட்டசபை உறுப்பினர் பெயராயிற்று. அதை யாரும் அந்நியப் பெயராக எண்ணவில்லை.

சரிநிகராய் நின்ற தொடர்புக்கு இன்னொரு சான்று கடலிலிருந்து வருகிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயர் மாற்றினார். வல்வைக் கடலோடிகள் அதை ஓட்டிச்சென்று 1938 ஓகஸ்ட் மாதம் மாசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறையில் சேர்த்தனர். முதல் மிஷனரிமார் பாய்விரித்த நியூபெரிபோர்ட்டும் குளொஸ்ரரும் அயல் துறைகள். ஊர்காவற்றுறையில் நங்கூரமிட்டு இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் போய்வந்த கப்பற்காரரின் கைத்திறனை அமெரிக்கர் பணம் கொடுத்து வாங்கியது, வடபகுதியார் பெருமையோடு சொல்லிவரும் நிகழ்ச்சி.

சுதந்திரத்துக்குப் பின் அமெரிக்கா தனிமனிதர் வடிவில் வருவது குறைந்து அரசாக வரத் தொடங்கியது. 1963இல், தனது எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை இலங்கை தேசியமயமாக்கி நட்டஈடு தரவில்லையென்று அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது, கொழும்பில் அது நாட்டின் மானப் பிரச்சினையாயிற்று. 1997இல் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டபோது கொழும்பு மகிழ்ந்தது, தமிழரிற் பலர் வருந்தினர். 2012இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் அமெரிக்கா இலங்கை பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் நிலைமை தலைகீழானது. தெற்கில் அமெரிக்காவுக்கெதிராக ஊர்வலங்கள் நடந்தன. வடக்கில் நீதிக்கான வழி திறக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. 48 கோடி டொலர் மிலேனியம் சவால் உடன்படிக்கை 2020இல் கைவிடப்பட்டதும் தெற்கின் எதிர்ப்பாலேயே. ஒரே நாட்டின் ஒரே அரசை ஒரு தீவின் இரு முனைகள் எதிரெதிராகக் காண்பதற்குக் காரணம் அமெரிக்கரின் குணமன்று. எந்தப் பக்கம் அதன் வலிமை சாய்கிறது என்பதே.

இங்குதான் என் வாதத்துக்கு வலுவான மறுப்பு நிற்கிறது. வவுனியாவில் 2017இல் தொடங்கிய போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அமெரிக்கக் கொடியை ஏந்தி நின்றார்களே, அரசதிகாரம் பெற்ற அமெரிக்காவையும் தமிழர் மதிக்கிறார்கள் என்று அது காட்டாதா? கொடியைப் பிடிப்பது வேறு, மதிப்பு வேறு. அந்தத் தாய்மாருக்குத் தம் நாட்டு நீதிமன்றங்களில் நம்பிக்கை அற்றுப்போயிருந்தது. வலிமையுள்ள எவரிடமாவது முறையிட்டாகவேண்டும். 2018 யூனில் அமெரிக்கா மனித உரிமைப் பேரவையிலிருந்தே விலகியபோதும் அவர்கள் அந்தக் கொடியைக் கைவிடவில்லை. கிறீனிடம் படித்த மாணவருக்கும் 1872இன் பழைய மாணவருக்கும் அமெரிக்கரோடு முரண்படும் உரிமை இருந்தது. தங்கள் பிள்ளைகளைத் தேடும் இந்தத் தாய்மாருக்கு அந்த உரிமை இல்லை. அதனாலேயே அவர்களின் கொடியை அமெரிக்காவுக்குக் கிடைத்த பாராட்டாக எவரும், குறிப்பாக அமெரிக்கர், எடுத்துக்கொள்ளக் கூடாது.